கார் காப்பீட்டுக் கட்டணம் (இந்தியா)

இந்தியாவில் கார் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியத்தில் முக்கியமான பகுதிகள் இரண்டு: அரசு நிர்ணயிக்கும் மூன்றாம் தரப்புக் கட்டணம், காப்பீட்டு நிறுவனம் நிர்ணயிக்கும் சொந்தச் சேதக் கட்டணம். இவற்றின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. இரண்டுமே பெரும்பாலும் வண்டியை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன, ஓட்டுபவரை வைத்து அல்ல. இதை அறியாமல் பிரீமியத்தைக் குறைக்க முயல்பவர் பெரும்பாலும் தம் பாதுகாப்பைத்தான் குறைத்துக்கொள்கிறார்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, தனியார் கார்களில் 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். மின்சாரக் கார்களுக்கு 15% தள்ளுபடி உண்டு. இருபது ஆண்டுகள் விபத்தே இல்லாமல் ஓட்டியவருக்கும் நேற்று உரிமம் வாங்கியவருக்கும் ஒரே கட்டணமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் காப்பீடு கார் வைத்திருப்பவருக்காக அல்ல, அடிபடுபவருக்காக ஏற்பட்டது. உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்குமான இழப்பீட்டுக்கு இதில் உச்சவரம்பு இல்லை. ஆபத்தாக ஓட்டுபவரிடம் பல மடங்கு கேட்டால், காப்பீடே எடுக்காமல் ஓட்ட முதலில் துணிபவரும் அவராகத்தான் இருப்பார், நட்டம் பாதசாரிக்கு.

சொந்தச் சேதக் கட்டணத்தை 2007 ஜனவரி 1 முதல் நிறுவனங்களே முடிவு செய்கின்றன. அதன் அடிப்படை ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு. தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து, கார் வாங்கிய முதல் ஆறு மாதங்களுக்கு 5%, ஓராண்டு வரை 15%, அடுத்தடுத்த ஆண்டுகளில் 20, 30, 40, 50% என்று தேய்மானம் கழிக்கப்படும். பத்து லட்ச ரூபாய் காருக்கு மூன்று ஆண்டு முடிந்ததும் மதிப்பு ஆறு லட்சம். இந்த மதிப்பைச் சற்றுக் குறைத்துப் போட்டால் பிரீமியமும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கார் திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐடிவியில் 75 விழுக்காட்டைத் தாண்டினாலோ, கிடைக்கும் தொகைக்கு அந்த மதிப்பே வரம்பு. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பல ஆயிரங்களை விட்டுக்கொடுப்பது சிக்கனம் ஆகாது. கூடுதல் காப்புகளையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். சாதாரண பாலிசியில் உடைந்த பிளாஸ்டிக் பம்பரின் விலையில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். ‘ஜீரோ டெப்’ எடுத்தால் அந்தக் கழிவு இல்லை. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால், எஞ்சின் காப்பு இல்லாதவர் செலவைத் தாமே ஏற்க நேரும். சென்னை வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றாது.

ஓட்டுபவரின் கவனத்துக்குப் பலன் தருவது, சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும் உரிய நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத ஆண்டுகள் தொடரத் தொடர இது 20, 25, 35, 45, 50% என உயரும். ஒரு கிளெய்ம் வந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். அடிப்படைக் கட்டணம் 10,000 ரூபாயாகவே நீடிப்பதாகக் கொண்டால், 50% போனஸ் உள்ளவர் ஒரு கிளெய்மால் அடுத்த ஐந்தாண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 12,500 ரூபாய். ஆகவே நாலாயிரம் ரூபாய் கீறலுக்குக் கிளெய்ம் செய்வது நட்டக் கணக்கு. இந்தப் போனஸ் அளப்பது கிளெய்மை, ஓட்டும் திறமையை அல்ல என்ற ஆட்சேபம் சரியே. ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்துக் கட்டணம் மாறும் கூடுதல் வசதிகளுக்கு 2022இல் அனுமதி கிடைத்தது அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனாலும், பாலிசி வாங்கும் பெரும்பாலோருக்குக் கைக்கெட்டும் தள்ளுபடி போனஸ்தான்.

ஆகவே பாலிசியைப் புதுப்பிக்கும்போது கட்ட வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாமல், ஐடிவியும் கூடுதல் காப்புகளும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நிறுவனங்களை ஒப்பிட வேண்டும். பாலிசி முடிந்து, புதுப்பிக்காமலே 90 நாள் கடந்தால் சேர்த்துவைத்த போனஸ் முழுவதும் போய்விடும்.