முட்டை வெந்த அறையில் மனிதன்

முட்டை வேகிற சூட்டில் மனுசன் உயிரோடு நிற்க முடியுமா? நின்று காட்டினார் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கில மருத்துவர்.

1774-இல் லண்டனில், டாக்டர் ஜார்ஜ் ஃபோர்டைஸ் சூடேற்றி வைத்த அறைக்குள் அவரும் நண்பர்களும் நுழைந்தார்கள். தண்ணீர் கொதிக்க 212 பாகை பாரன்ஹீட் போதும். அங்கேயோ 260 வரை ஏறியது! பிளாக்டன் எட்டு நிமிடம் தாங்கினார். தகரத்தில் வைத்த முட்டை இருபது நிமிடத்தில் கல்லாக இறுகிப் போச்சு. மாட்டிறைச்சியும் வெந்தது. ஆட்களின் உடம்புச் சூடோ அதிகம் ஏறவில்லை. கால் சுடாதிருக்கக் கூடையில் வைத்த நாய்கூடப் பிழைத்தது. (அதன் சம்மதத்தை யார் கேட்டார்கள்!)

காரணம்? அதே அறையில் இரண்டு பாத்திரத் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். திறந்திருந்தவரை தண்ணீர் கொதிக்கவேயில்லை. மேலே எண்ணெய் படர்ந்ததும் கொதித்தது. ஆவியாகும் நீர் சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. நம் வியர்வைக்கும் அதே வேலைதான்.

ஆனால் காற்றே ஈரமாக இருந்தால்? சுரங்கங்களை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன் 1905-இல் விடை சொன்னார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அசையாத காற்றில் 88 பாகையைத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருப்பவர் உடம்பும் சூடேறத் தொடங்கும். மழை விட்ட பிறகு ரப்பர் மரத்தடியில் வியர்வை சொட்டுகிறதே தவிர உடம்பு குளிராமல் இருக்கிறதே, அது இதனால்தான்.