தம்பியின் அக்கா

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் நடந்திருக்கிறது, மேடை ஓரத்தில் ரோஜா இதழ்கள் அப்படியே கிடந்தன. கீழே வரிசையாக மேஜை, மேஜைமேல் பிளாஸ்டிக் காய்கள். இரண்டு நாள் ஓபன் செஸ் டோர்னமென்ட். எனக்கு அப்போது ஐ.டி. வேலையில் மூன்றாவது வருஷம், வார நாளெல்லாம் ஓ.எம்.ஆர். பஸ், வார இறுதியில் செஸ். நான்காவது ரவுண்டில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது பதினோரு வயசுப் பெண். இரட்டைப் பின்னல், கால் தரையைத் தொடவில்லை.

பார்த்தீர்களா, நானும் பின்னலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆட்டத்தைச் சொல்கிறேன். அவள் வெள்ளை, நான் சிசிலியன். நடு ஆட்டத்தில் அவளுடைய நைட் டி5 கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. அதை வெட்டலாமா வேண்டாமா என்று இருபது நிமிஷம் யோசித்து, வெட்டாமல் விட்டேன். 36-ஆவது மூவில் ரிசைன். கை கொடுத்த கையோடு அவள் காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, டி5-ல வச்சப்போ ஏன் எடுக்கல?" நான் ஸ்கோர் ஷீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "பாப்பாகிட்ட தோத்துட்டியாமே?" "விட்டுக் கொடுத்திருப்பான்டா, நல்லவன்." ஒருத்தன் பொம்மை வளையல் வாங்கித் தருகிறேன் என்றான். நானும் சிரித்தேன். "காலையிலேருந்து லேசா காய்ச்சல் மச்சி" என்றேன். காய்ச்சல் எதுவும் இல்லை.

இந்தக் காய்ச்சலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. ஹங்கேரியில் பிறந்த சூசன் போல்கர் சொல்லிச் சொல்லிப் பிரபலமான கிண்டல் ஒன்று உண்டு: ஆரோக்கியமான ஆண் ஒருவரைக்கூடத் தான் ஜெயித்ததே இல்லையாம். தோற்ற ஒவ்வொருவருக்கும் அன்றைக்குத் தலைவலியோ வயிற்றுவலியோ இருந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். 1929, இன்றைய செக் குடியரசில் இருக்கும் கார்ல்ஸ்பாட். உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் 22 பேர் கூடிய போட்டி. அதில் ஒரே பெண் வேரா மெஞ்சிக், மாஸ்கோவில் பிறந்தவர், 1927-இல் முதல் பெண்கள் உலக சாம்பியன் ஆனவர். வியன்னா மாஸ்டர் ஆல்பர்ட் பெக்கருக்கு இது பெரிய வேடிக்கையாகப் பட்டது. இவரிடம் தோற்கிறவர்களை எல்லாம் 'வேரா மெஞ்சிக் கிளப்'பில் உறுப்பினராகச் சேர்த்துவிடலாம் என்று ஒரு ஜோக் அடித்தார். அதே போட்டியில் மெஞ்சிக்கிடம் தோற்று முதல் உறுப்பினரும் அவரே ஆனார். இதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் மெஞ்சிக் அந்தப் போட்டியில் கடைசி இடம். அதையும் சொல்லிவிட வேண்டும். நிறைய தோற்றார், சிலரை ஜெயித்தார், எல்லா ஆட்டக்காரர்களையும்போல. மற்றவர்களின் தோல்வி ஆட்டமாக இருந்தது. அவரிடம் தோற்பது மட்டும் டீக்கடை விஷயமாகிவிட்டது. 1944-இல் லண்டனில் ஜெர்மன் குண்டு வீட்டின்மேல் விழுந்து சாகும்வரை அவர்தான் பெண்கள் உலக சாம்பியன். இன்றைக்கு அவர் பெயரைத் தேடினால் ஆட்டங்களுக்கு முன்னால் அந்த ஜோக்தான் வருகிறது.

கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் நமக்கு வேண்டிய இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, பஞ்சாபிலிருந்து போய் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்ற மீர் சுல்தான் கான். அவரை அழைத்துப்போன சர் உமர் ஹயாத் கானின் வீட்டில் வேலை செய்த ஃபாத்திமா என்ற இளம்பெண் 1933-இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பை வென்றார். ஓர் இந்தியப் பெண், 1933-இல்! அதற்குப் பிறகு குடும்பத்தோடு இந்தியா திரும்பினார், செஸ் சரித்திரத்தில் அவர் தடம் அதோடு முடிகிறது. சுல்தான் கானைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன.

இரண்டாவது பெயர் மாக்ஸ் யூவே. நெதர்லாந்துக்காரர், கணக்கு வாத்தியார், 1935-இல் அலெகைனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனவர். அதற்கு முன்னால் ஹேஸ்டிங்ஸ் போட்டிகளில் மெஞ்சிக்கிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

நடுவில் ஒரு சின்ன விலகல். செஸ் பலகையில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது நம் ஊரில் முதலில் ராணி இல்லை, மந்திரி. மூலையாக ஒரே ஒரு கட்டம் நகரும் பாவப்பட்ட காய். ஐரோப்பாவுக்குப் போனபிறகு அது ராணியானது, 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இன்றைக்கு இருக்கும் பலம் அதற்கு வந்தது. பலகையிலேயே வலிமையான காய் ஒரு பெண் என்று ஆனவுடன் இத்தாலியிலும் பிரான்சிலும் அந்தப் புது ஆட்டத்துக்கு வைத்த பெயர், கிட்டத்தட்ட 'வெறி பிடித்தவளின் செஸ்'. மரக்கட்டைக்கே அந்த நிலைமை.

நம் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் திருப்பூவனூர், அங்கே சிவனுக்குப் பெயர் சதுரங்க வல்லபநாதர். தல புராணப்படி, சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரி ராஜராஜேஸ்வரி. அவளை ஜெயிக்கிறவருக்குக் கல்யாணம் செய்து கொடுப்பதாக ராஜா சொல்ல, சிவன் முதியவர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்து மணந்துகொண்டார். இந்தக் கதையை மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் நிறையப் பேர் பெருமையாகப் பகிர்ந்துகொண்டார்கள். பெருமைதான். கதையின் ஆகச் சிறந்த ஆட்டக்காரி அவள். கோயில் பெயர் வல்லபநாதர்.

சரி, யூவேக்கு வருவோம். இந்தியாவில் பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் 1974-இல்தான் தொடங்கியது. முதல் பத்து வருஷமும் பட்டம் பம்பாயின் காடில்கர் சகோதரிகள் ஜெயஸ்ரீ, வாசந்தி, ரோகிணி மூவரை விட்டு வெளியே போகவில்லை. கடைக்குட்டி ரோகிணிக்கு 1976-இல் 13 வயசு. பெண்கள் போட்டி போதவில்லை, ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடப் போனார். பெரிய ரகளை. பெண் எப்படி ஆண்கள் போட்டியில் ஆடலாம் என்று எதிர்ப்பு. உயர்நீதிமன்றம்வரை போய்ச் சாதகமான உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. விஷயம் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவரிடம் போனபோது, தேசிய, சர்வதேசப் போட்டிகளில் பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தலைவர் மாக்ஸ் யூவே. மெஞ்சிக் கிளப்பின் உறுப்பினர்!

அதைச் சொன்னபோது அவருக்கு ஹேஸ்டிங்ஸ் ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஆசை. உலக சாம்பியன் ஆகியும் அந்தக் கிண்டலிலிருந்து தப்ப முடியாதவர் அவர். ஒரு பதிமூன்று வயசுப் பெண்ணின் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க அது உதவியிருக்கலாம்.

சென்னையின் கதை வேறு மாதிரி. 1972-இல் மானுவேல் ஆரோன் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஆறு வயசு ஆனந்துக்குக் காய் நகர்த்தச் சொல்லிக் கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா. தமிழ்நாட்டு செஸ்ஸில் அம்மாக்களுக்கு எப்போதும் இடம் உண்டு, ஹாலுக்கு வெளியே. எங்கள் தாம்பரம் மண்டபத்திலும் படிக்கட்டு முழுக்கச் சாப்பாட்டுக் கூடையோடு அம்மாக்கள்தான், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி என்று முதல் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்தவர்கள். 2023 உலகக் கோப்பையில் மகன் பிரக்ஞானந்தாவைப் பார்த்து நாகலட்சுமி கண்கலங்கி நிற்கும் படத்தை நாடே கொண்டாடியது. ஆடுகிற பெண்ணுக்கு அந்த அளவு கொண்டாட்டம் இல்லை. சென்னைக்காரரான எஸ். விஜயலட்சுமிதான் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் (டபிள்யூ.ஜி.எம்.) பட்டக்காரர். தாம்பரத்தில் செஸ் ஆடும் பத்து பேரிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது.

2022 ஜூலை 28. மாஸ்கோவில் நடக்க வேண்டிய ஒலிம்பியாட் போரினால் மாமல்லபுரத்துக்கு வந்தது. ஊர் முழுக்க வேட்டி சட்டையில் கும்பிட்டபடி ஒரு வெள்ளைக் குதிரை, பெயர் 'தம்பி'. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். நான் லீவு போட்டு வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு வழியாக பைக்கில் போனேன். இந்தியப் பெண்கள் அணி அங்கே வெண்கலம் வாங்கியது, ஒலிம்பியாடில் அவர்களுக்கு முதல் பதக்கம். ஹரிகா பிரசவத்துக்கு மிக நெருக்கத்தில் இருந்துகொண்டு ஆடினார். எங்கே பார்த்தாலும் அவர் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு, பாராட்டாகத்தான். எந்த ஓப்பனிங் ஆடினார் என்று என் பக்கத்தில் நின்ற யாரும் கேட்கவில்லை.

அந்த அணியில் வைஷாலியும் இருந்தார். டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான் வீட்டில் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள், அவரைப் பார்த்துத்தான் தம்பியும் ஆடத் தொடங்கினார். 2013-இல் சென்னையில் மாக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது 12 வயசு வைஷாலி அவரை ஜெயித்திருக்கிறார். இருந்தும் வருஷக்கணக்கில் அவருக்கு அறிமுகம் 'பிரக்ஞானந்தாவின் அக்கா'. 2023 டிசம்பரில் முழு கிராண்ட்மாஸ்டர் ஆனபோதுகூடச் செய்தி, உலகின் முதல் அக்கா–தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி என்பதுதான். 2024 டொரொன்டோ கேண்டிடேட்ஸில் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்று, பிறகு கடைசி ஐந்தையும் ஜெயித்தாரே, அதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். செஸ்ஸில் அப்படித் திரும்பி வருவது லேசில்லை.

2025 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டியில் உஸ்பெக் வீரர் யாகுபோயெவ், மத காரணத்தால் வைஷாலிக்குக் கை கொடுக்கவில்லை. அந்த வீடியோ உலகம் சுற்றியது. அவர் பிறகு பூவும் சாக்லேட்டும் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார், வைஷாலியும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். அவரவர் நம்பிக்கை, அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஒரு வாரம் நாங்கள் எல்லாரும் அந்தக் கையைப் பற்றியே பேசினோம். அந்த ஆட்டத்தில் வைஷாலி ஜெயித்தார் என்பது எங்கள் டீக்கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதே ஊரில் அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2024 ஜனவரியில், நாக்பூரின் திவ்யா தேஷ்முக் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வயசு 18. பார்வையாளர்கள் தன் ஆட்டத்தைக் கவனிப்பதே இல்லை, முடி, உடை, பேச்சு உச்சரிப்பு, இதைத்தான் பார்க்கிறார்கள் என்றார். ஆண்களிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், தன்னிடம் மற்றதை எல்லாம் பேசுகிறார்கள், 14 வயசிலிருந்து இது நடக்கிறது என்றார். அந்தப் போட்டியில் அவர் பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் முடித்தார். உடனே "முதல்ல ஜெயிச்சுட்டுப் பேசட்டும்" என்று சொன்னவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பெண்கள் அணியும் தங்கம், அவருக்குத் தனியாகவும் தங்கம். 2025 ஜூலையில் பதூமியில் கோனேரு ஹம்பியை வீழ்த்தி உலகக் கோப்பை, கூடவே கிராண்ட்மாஸ்டர் பட்டம். அவர் ஜெயித்ததால் அன்று சொன்னது உண்மையாகிவிடவில்லை. கடைசி இடம் வந்திருந்தாலும் அது உண்மைதான்.

ஜெயித்தாலும் சும்மா விடுவதில்லை என்பதற்கு ஹங்கேரியின் அன்னா ருடால்ஃப் சாட்சி. 2007-இல் பிரான்சில் ஒரு ஓபன் போட்டியில் ஒரு கிராண்ட்மாஸ்டரை ஜெயித்தார். கம்ப்யூட்டரிலிருந்து மூவ் வருகிறது என்று சக ஆட்டக்காரர்கள் சந்தேகப்பட்டது அவருடைய லிப் பாமை. உதட்டுக்குப் போடும் அந்தக் குப்பியை!

அந்தப் போட்டி வாரம் திவ்யா சொன்னதைப் படித்த ராத்திரி, பரணிலிருந்து பழைய லேப்டாப் பையை இறக்கித் தேடினேன். ஸ்கோர் ஷீட் நாலாய் மடித்தபடி இருந்தது. அவள் பெயரை நான் எழுதியிருக்கவில்லை, எதிராளி என்ற இடத்தில் வெறும் போர்டு நம்பர். ஆட்டத்தை என்ஜினில் போட்டேன். டி5-இல் இருந்த நைட்டை என் பிஷப்பால் வெட்டியிருக்க வேண்டும். வெட்டியிருந்தால் ஆட்டம் சமம். அதைத்தான் அவள் கேட்டாள்.