மடக்குக் கத்தியின் நடையும் பேச்சும்

பேனாக்கத்தி என்று நாம் வழங்கும் சிறு மடக்குக் கத்தியின் பெயரிலேயே அதன் பழைய தொழில் ஒளிந்திருக்கிறது. உலோக முள் வருமுன் ஐரோப்பியர் பறவையின் இறகைக் கொண்டே எழுதினர். நுனி தேயுந்தோறும் அதைச் சீவிக்கொள்ள ஒரு கத்தி கையருகே இருத்தல் வேண்டும். நாணற் கலம் பிடித்த அரபு எழுத்தர்க்கும் இதே தேவை இருந்தது. எழுத்தின் அழகு கலத்தின் நுனியை வெட்டும் கோணத்திலே பாதி அடங்கியிருக்கிறது என்பதை, 940இல் மறைந்த இப்னு முக்லாவின் வழிவந்த கலைஞர்கள் நன்கறிவர். கலம் சீவும் கத்திக்கு அரபியில் 'மிப்ராத்' என்று தனிப்பெயரே உண்டு. நம் ஏட்டுப் புலவர்கள் மட்டும் குறைந்தவர்களா? மடக்கெழுத்தாணியின் ஒருபுறம் எழுதும் கூர். மறுபுறம் ஓலை வாரும் கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்கும்.

நாளொன்றுக்குப் பலமுறை திறந்து மூட வேண்டிய கருவி இறுகிக் கிடந்தால் நகம் பெயரும்; தளர்ந்து கிடந்தால் விரல் அறுபடும். எளிதாகத் திறக்கவும் வேண்டும், திறந்தபின் அசையாது நிற்கவும் வேண்டும் என்னும் இந்த இரட்டை நிபந்தனையே மடக்குக் கத்தியின் வரலாறு எனலாம். கத்திக்கு அரபியில் 'சிக்கீன்' என்று பெயர். அசைவற்றிருத்தலைக் குறிக்கும் 'சுகூன்' என்னும் சொல்லின் வேரோடு அதனை அகராதியாசிரியர்கள் இணைப்பர். அறுபட்ட பிராணியின் அசைவை அடக்குவதால் அப்பெயர் என்பது அவர்கள் தரும் விளக்கம். மடக்குக் கத்தி செய்பவனோ அந்த அசைவின்மையைக் கத்திக்கே கற்பிக்க முயன்றான்.

உரோமர் காலத்து மடக்குக் கத்திகளில் வில் இல்லை. ஆணியைச் சுற்றிய உராய்வு ஒன்றே அலகைப் பிடித்து நிறுத்தியது. பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய புகழ்பெற்ற மரப்பிடிக் கத்தியும் இந்த இனமே. மரம் ஈரத்தில் உப்பினால் அலகு இறுகும், உலர்ந்தால் தளரும். திறந்த அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல்தான் அதில் சேர்ந்தது.

வில் தகடு பொருத்திய கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 17ஆம் நூற்றாண்டில் பரவின. அந்நகரக் கத்தித் தொழிலாளரின் சங்கம் 1624இலேயே பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. பிடியின் முதுகில் ஓர் எஃகுத் தகடு, நடுவிலும் பின்முனையிலும் ஆணியறைந்து வைக்கப்படும். அதன் முன்முனை அலகின் அடிப்பகுதியை இடைவிடாது அழுத்திக்கொண்டிருக்கும். அலகைத் திறக்கையில் அடிப்பகுதியின் முனை வில்லைத் தூக்குகிறது. முனை கடந்ததும் வில் சமதளத்தில் விழுந்து 'டக்' என்று ஒலித்து நிற்கிறது. இவ்வியக்கத்தின் மென்மையைத் தொழிலாளர் 'நடை' என்றனர். அந்த ஒலியைப் 'பேச்சு' என்றனர்.

நல்ல நடை எங்கிருந்து வருகிறது? வில்லை மெலிதாக்கினால் போதும் என்று நினைப்பவர் பலர். அது பிழை. மெலிந்த வில்லில் பேச்சு போய்விடும். சிறிது காலத்தில் கத்தி தொளதொளக்கும். ஆணித்துளை அலகின் பக்கத்திற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் அலகு ஒருபக்கப் பித்தளைத் தகட்டை உரசும். அடிப்பகுதி சதுரமாயின் பாதி வழியில் ஒருமுறை நிற்கும்; முனைகளை உருட்டிவிட்டால் நில்லாது வழுக்கிச் செல்லும். எவ்வளவு உருட்டுவது என்பதை அரமும் கையுமே தீர்மானிக்கும். அலகு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வில்லின் முதுகு பிடியோடு ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். அதற்காகக் கத்தியைத் தற்காலிக ஆணியில் கோத்துப் பார்த்து, கழற்றி, ஓர் இழை அராவி, மீண்டும் கோப்பார்கள். உரசும் முகங்கள் கண்ணாடிபோல் மெருகேறியிருக்க வேண்டும்.

பதமும் இதில் பாதி வேலை. அலகை ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம் வரக் காய்ச்சிப் பதப்படுத்துவர். வில்லை 300 பாகையளவில் நீலம் பூக்கும்வரை காய்ச்சுவர். இல்லையேல் அது முறியும். கடைசியில் ஆணியைத் தறையும்போது ஓர் அடி கூடினால் இவ்வளவு உழைப்பும் வீண். ஆகவே அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே காகிதம் போன்ற மெல்லிய தகடொன்றைச் செருகி, தறைந்தபின் உருவிவிடும் கைவினைஞர்களும் உளர்.

ஸ்பெயினின் அல்பாசெட்டே நகரக் கத்தியோ வேறொரு வழி சென்றது. அங்கே அலகின் அடியில் பற்கள் வெட்டி, திறக்கும்போது கடகடவென ஒலிக்கச் செய்தனர். அல்பாசெட்டே என்பது 'அல்பஸீத்', அதாவது சமவெளி என்னும் அரபுப் பெயரே. அதனால் அக்கத்தியும் அந்தலூசிய முஸ்லிம்களின் கொடை என்று எழுதிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'நவாகா' என்னும் அதன் பெயர் சவரக் கத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பற்களும் வில்லும் கொண்ட வடிவம், அவ்வூர் கைமாறிப் பல தலைமுறைகள் கழிந்தபின் தோன்றியது. ஊர்ப்பெயர் நம்முடையது, கத்தி அவர்களுடையது.

ஷெஃபீல்டின் பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. உலர்ந்த மணற்கற் சக்கரத்தில் எஃகைத் தேய்த்தவர்களின் நுரையீரலில் தூசி படிந்தது. அவர்களுள் பலர் நாற்பது வயதைக் காணவில்லை. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தார் 75 அலகுகள் கொண்ட ஒரு கத்தியை வைத்தனர். கண்டோர் வியந்தனர். அதைவிட, ஒற்றை அலகுக் கத்தியைப் பிழையற நடக்கவும் பேசவும் வைத்த பெயரறியாத் தொழிலாளியே என் மதிப்பில் உயர்ந்தவன். வாடகைக்கு எடுத்த சிற்றறையில் தனித்து உழைத்த அத்தகையோரை அவ்வூரார் 'சிறு முதலாளிகள்' என்பர். அவ்வரிசையில் புகழ்பெற்ற ஸ்டான் ஷா, 1926இல் பிறந்து, பதினான்காம் வயதில் இபர்சன் பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தார். முதுமையிலும் கையால் கத்தி செய்துவந்த அவர் 2021இல் மறைந்தார்.

இன்றைய இயந்திரக் கத்திகள் பலவற்றில் ஆணியைச் சுற்றிச் சிறு உருளைமணிகள் வைக்கிறார்கள். அலகு நீர்போல் ஓடுகிறது. அந்தப் பேச்சுதான் இல்லை. பழைய ஷெஃபீல்டுக் கத்திகள் சிலவற்றின் அலகடியில் 'மூட்டுக்கு எண்ணெய் இடுக' என்று பொறித்திருப்பர். பாட்டனாரின் பெட்டியில் துருவேறிய கத்தி ஏதேனும் கிடந்தால், வாசகர்கள் அதை வலிந்து திறக்க வேண்டாம். ஆணியருகே ஒரு துளி எண்ணெய் விட்டு, ஓரிரவு வைத்திருந்து, பின்னர் திறந்து கேளுங்கள்.