கட்டு

சேலம், நாமக்கல் பக்கம் 'பொண்ண எங்க கட்டிக் குடுத்திருக்கீங்க?' என்றுதான் கேட்பார்கள். கட்டப்படுவது தாலி. இலக்கணத்திலோ செயப்படுபொருளாகப் பெண் வந்து நிற்கிறாள். கட்டுத்தறி, கட்டுப்பாடு, ஊர்க்கட்டு எல்லாம் அதே வேரின் கிளைகள். மறுமணத்துக்கும் 'அறுத்துக் கட்டுறது' என்றுதான் பெயர். அங்கேயும் கயிறே முன்னால் நிற்கிறது.

சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும் என்றது. தாலி விருப்பமாயிற்று, வினைச்சொல் அசையவில்லை.

கட்டாமல் வாழ்ந்தவர்களுக்கு இருந்த பழைய சொற்கள் 'தொடுப்பு', 'வைப்பு'. இரண்டும் ஏச்சு. 'சேர்ந்து வாழ்தல்' அண்மைக்காலத்துச் சொல். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேட்டியில் பேசியதற்காக நடிகை குஷ்பு 2005 நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். வெளியே முட்டையும் தக்காளியும் பறந்தன. அவர் மீதான வழக்குகளை 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்றும் சொன்னது.

செயலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அப்படி வாழ்பவரை அழைக்க, ஏச்சில்லாத ஒரு பேச்சுவழக்குச் சொல் இன்னும் நம்மிடம் இல்லை.