எம்டனின் மூச்சும் ஜெர்மன் சொற்களும்

“அவன் பெரிய எம்டன்” என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் போர்க்கப்பல் நமக்கு விட்டுச்சென்ற சொல் அது. எல்லோரும் அதன் பீரங்கிகளைப் பற்றியே பேசுவர். எனக்கோ அதன் பன்னிரண்டு கொதிகலன்களின் மேல்தான் நாட்டம். நிலக்கரி எரியக் காற்று எங்கிருந்து வந்தது?

அதில் புகைபோக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 30 பாகைச் செல்சியசில் உள்ள வெளிக்காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோகிராம், 250 பாகையில் உள்ள புகையின் அடர்த்தி சுமார் 0.67. புகைபோக்கியின் உயரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்த வேறுபாடு 7 மில்லிமீட்டர் நீர்மட்டம்தான் வரும்! இந்த அற்ப இழுப்பே அடுப்புக்குள் காற்றை இழுக்கிறது. இதை ஜெர்மானியர் ‘ட்ஸூக்’ என்பர். ‘இழுப்பு’ என்றே பொருள்; ரயில் வண்டிக்கும் அவர்களிடம் அதே சொல்தான். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியின் குண்டுகளால் எம்டனின் புகைபோக்கிகள் சாய்ந்தன. இழுப்புக் குன்றியது, வேகமும் குறைந்தது.

ஒரே காற்றுக்கு ஜெர்மன் தொழில்மொழியில் இடத்துக்கொரு பெயர். இரும்பு உருக்கும் ஊதுலையில் அது ‘விண்ட்’. சுரங்கத்தில் ‘வெட்டர்’, அதாவது வானிலை! சுரங்கத்தில் வெடிக்கும் மீத்தேன் கலந்த காற்றை ‘அடிக்கும் வானிலை’ என்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் அச்சம் அந்தப் பெயரிலேயே தெரிகிறதல்லவா?

கட்டடத்துக்குள் வந்தால் அது ‘லுஃப்ட்’. அறைக்குள் செலுத்துவது ‘ட்ஸூலுஃப்ட்’. அறையிலிருந்து எடுப்பது ‘அப்லுஃப்ட்’. எடுத்ததில் ஒரு பகுதி மீண்டும் அறைக்கே திரும்பினால் அது ‘உம்லுஃப்ட்’. வெளியே தள்ளப்படும் மீதி ‘ஃபோர்ட்லுஃப்ட்’. வெளியிலிருந்து புதிதாக வருவது ‘ஔஸன்லுஃப்ட்’.

நான் முதலில் ‘ட்ஸூலுஃப்ட்’ என்பதைப் ‘புதுக்காற்று’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டேன். அது தவறு. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் 30 பேர் வேலை செய்வதாகக் கொள்ளுங்கள். மணிக்கு 1000 கன மீட்டர் காற்று உள்ளே செல்கிறது. ஆளுக்கு 33 கன மீட்டர். தாராளம் என்று தோன்றும். ஆனால் அதில் 700 கன மீட்டர் அவர்களே மூச்சுவிட்டுத் திரும்பிவந்த உம்லுஃப்ட் என்றால், ஒருவருக்குக் கிடைக்கும் புதுக்காற்று மணிக்கு 10 கன மீட்டர்தான்.