வன்னிநாட்டிற் பின்னலும் பருவமும்

ஒரு நாட்டு மக்களின் உடையும் கைவினையும் அந்நாட்டின் காலநிலையைத் தழுவியே அமைவன. இவ்வுண்மையை வன்னிநாட்டின் பின்னற்கலை வரலாறு நன்கு விளக்குகின்றது. பின்னல் என்பது தமிழிற் பரந்த பொருளுடைய சொல். கூந்தலைப் பின்னுதல், வலை பின்னுதல், கிடுகு பின்னுதல், கம்பளி நூலை ஊசிகொண்டு பின்னுதல் யாவும் அச்சொல்லுள் அடங்கும். பனையோலையாற் பாயும் பெட்டியும் செய்தலை மட்டும் ஈழத்து வடபகுதி மக்கள் இழைத்தல் என்று பிரித்து வழங்குவர்.

பின்னலாடை பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. அது குளிர்நாட்டார்க்கே உரியது. வெயில்மிக்க நாட்டில் அதனைக் கற்பித்தல் வீண் என்பது ஒரு சாரார் கொள்கை. அஃது எந்நாட்டார்க்கும் பயன்படும் கைத்திறன். வருவாயும் தருவது என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவற்றுள் எது பொருந்தும் என்பதைத் துணிவதற்கு வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலம் உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைத் தரும். வைகாசி முதற் சோளகம் வீச, நிலம் வறண்டு குளங்கள் வற்றும். இத்தகைய நாட்டில் தைத்த உடை பழங்காலத்தில் மிகுதியாக வேண்டப்படவில்லை. வேட்டியும் சேலையும் சால்வையுமே போதியனவாயின. அவற்றுள்ளும் சால்வை எல்லாப் பருவத்துக்கும் உதவுவது. வெயிலில் அது தலைப்பாகை. மார்கழிப் பனியிற் போர்வை. வழிப்பயணத்திற் பொதிகட்டும் துணி. கூதிர்க்காலத்தில் விசிறி பயனின்றித் தொங்குவதையும் சந்தனக்கல் வாளா கிடப்பதையும் நெடுநல்வாடை காட்டுகின்றது. பருவம் மாறும்போது வீட்டுப் பொருள்களின் பயனும் மாறும் என்னும் அறிவு தமிழர்க்குத் தொன்மையானது.

அவ்வறிவு வன்னியில் ஓலை இழைப்பிலே சிறந்து விளங்கியது. மாசி, பங்குனியில் காலபோக நெல் அறுவடையாகும்போது கடகமும் சுளகும் வேண்டும். வேனிலிற் குருத்தோலையையும் சார்வோலையையும் வெட்டி வெயிலில் உலர்த்தி வைப்பர். ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழுங்காலத்துப் பனாட்டு ஊற்றுவதற்குப் பாய் வேண்டும். மழைக்கு ஓலைக்குடை உதவும். குளத்திலே வளரும் பன்புல்லாற் படுக்கைப் பாய் செய்வர். வெற்றிலையும் சில்லறைக் காசும் வைத்து மடியிற் செருகும் கொட்டப்பெட்டியோ எப்பருவத்துக்கும் உரிய அணிகலன் போன்றது.

இழைப்பின் வகையும் தேவையை ஒட்டியதே. எள், குரக்கன் முதலிய சிறுமணிகளை இடும் பெட்டிக்கு ஓலையை மெல்லிதாக வார்ந்து நெருக்கமாக இழைத்தல் வேண்டும்; இன்றேல் மணி ஒழுகிவிடும். பாரம் தாங்கும் கடகத்தை இரட்டையாக இழைத்து, விளிம்பை நாராற் பொத்துவர். பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி நீராவி புகுவதற்கு இடங்கொடுப்பதாக இருத்தல் வேண்டும். சாயமிட்ட ஓலையை இடையிடையே கோத்துக் காட்டும் கோலங்கள் இவ்வமைப்பின்மேல் எழுந்த அழகே. எந்த வகை எதற்கு ஏற்றது என்பதை முடிவு செய்தவள் இழைத்த பெண்ணே. அளவும் வடிவும் அவள் விரலிலும் நினைவிலும் இருந்தன.

ஆடைத்தொழிலோடு வன்னிக்கு வேறொரு தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் வன்னியிலும் கிடைத்த சாயவேர், துணிக்குச் செந்நிறம் ஊட்டுதற்குப் பயன்பட்டது. ஒல்லாந்தர் அதன் அகழ்வையும் வாணிகத்தையும் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். வேரை அகழ்ந்தவர் உழைப்பு ஒருபுறம். அவ்வேரின் நிறம் ஏறிய துணியால் வந்த ஊதியம் மறுபுறம். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலேயே தளர்வுற்ற இத்தொழிலுக்கு, 1868ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் அச்செந்நிறப் பொருளைச் செயற்கையாக ஆக்கியபின் மீட்சியில்லாமற் போயிற்று. பிறர் தேவையை மட்டுமே நம்பிய தொழில், அத்தேவை திசைமாறியவுடன் மறைந்தது.

இனி, ஊசிப்பின்னலின் வரலாற்றை நோக்குவோம். அது குளிர்நாட்டிற் பிறந்தது என்னும் எண்ணம் சரியன்று. ஏறத்தாழக் கி. பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் ஒற்றை ஊசியாற் செய்யப்பட்ட காலுறைகள் வெப்பநாடாகிய எகிப்திலே கண்டெடுக்கப்பட்டுள்ளன. செருப்பின் வார் நுழைதற்காகப் பெருவிரலுக்குத் தனியிடம் விட்டு அவை அமைக்கப்பட்டன. இரட்டை ஊசிகொண்டு பருத்தி நூலாற் பின்னிய பழைய காலுறைகளும் அந்நாட்டிலேயே கிடைத்தன. 1589ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். ஈழத்திலோ, 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1824ஆம் ஆண்டில் உடுவிலில் நிறுவியது போன்ற பெண்கள் பாடசாலைகள் வாயிலாக ஊசிவேலை கல்வியின் ஒரு பகுதியாயிற்று.

ஓலை இழைப்பில் நேரான வார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். ஊசிப்பின்னலில் ஒரே நூல் கண்ணியுட் கண்ணியாகப் புகுந்து செல்லும். அக்கண்ணிகள் தடித்த கம்பளியாலாயின், காற்றை உள்ளடக்கி உடலின் வெம்மையைக் காக்கும். மெல்லிய பருத்தியாலாயின், வியர்வையை உறிஞ்சி உடலசைவுக்கு இடங்கொடுக்கும். வன்னி உழவன் அணியும் பெனியனும் பின்னலாடையே. தமிழ்நாட்டின் திருப்பூர் இருபதாம் நூற்றாண்டிற் பெருநகராக வளர்ந்தது பருத்திப் பின்னலாலேயாகும். ஆகவே பின்னலாடை வெயில்நாட்டுக்குப் பொருந்தாது என்னும் முதற் கொள்கை நிலைபெறாது. பொருந்தாதது பின்னலன்று, பருவமறியாது தெரிந்தெடுத்த நூலும் வடிவுமேயாம்.

ஆயின் இரண்டாங் கொள்கையும் முழுவதும் அமைவதன்று. 2009ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த போரிற் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் அவை தறிக்கப்பட்டன. கடகத்தின் இடத்தை முன்னரே பிளாஸ்ரிக் கூடை பற்றத் தொடங்கியிருந்தது. போரின்பின் வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. குடும்பத்தைத் தாங்கும் கடமை தம்மேல் வந்த பெண்கள் பலர்க்கு அவை மாதவூதியம் தந்தன. அந்நன்மை சிறிதன்று. எனினும், அங்கே தைக்கப்படும் ஆடைகள் தொலைநாட்டுச் சந்தைக்குரியன. அந்நாட்டுப் பருவத்துக்குரிய ஆடை பல திங்கள் முன்னரே இங்கு தைக்கப்படும். சோளகக் காற்று வீசுங்கால் வன்னிப்பெண் தைப்பது பிறநாட்டுப் பனிக்காலத்துக்காக இருக்கலாம். வடிவத்தை வரைபவர் வேறிடத்தார். ஒருத்தி கைப்பகுதியை இணைப்பாள், மற்றொருத்தி விளிம்பை மடிப்பாள். முழு ஆடையின் அமைப்பு எவள் கையிலும் தங்குவதில்லை.

சாயவேரின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. கைத்திறன் மட்டும் இருந்து, வடிவம் வகுக்கும் அறிவு பிறரிடம் இருக்குமாயின், அத்தொழில் பிறர் விருப்புக்கேற்ப நிலைக்கும் அல்லது நீங்கும். ஆகவே ஊசியையும் பொறியையும் வெறுத்தல் வேண்டியதில்லை. அவற்றோடு வடிவமைத்தலையும் கற்றல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார் கைப்பணிகளை வளர்க்கும் நோக்கமும் உடையது. இத்தகைய முயற்சிகளோடு ஒவ்வொரு கிராமத்திலும் முதியோர் அறிந்துள்ள இழைப்பு வகைகளைப் பெயரோடும் அளவோடும் எழுதி வைத்தலும் வேண்டும். அப்பணியை மாணவர் எளிதிற் செய்யலாம். பாட்டியின் பெட்டியில் எத்தனை வார் விட்டு எத்தனை வார் எடுக்கப்பட்டது என்பதை அவள் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும். பெட்டி கறையான் வாய்ப்பட்டபின் அதனைச் சொல்ல ஒருவரும் இரார்.