ஆங்கிலேயரின் கட்டுச்சோறு

பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்தைந்து ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவரும் நான், வரலாற்றுக் கட்டுரை எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. என் மூத்த மகள் உதவித்தொகை பெற்று, வரும் செப்டம்பரில் இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகருக்கு மேற்படிப்புக்குச் செல்கிறாள். அவள் தாயார் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று பெட்டியை நிரப்பும் கவலையில் இருக்கிறாள். நானும் என் பங்குக்கு, “அந்த நாட்டு உணவு எதையும் தொடாதே அம்மா” என்று சொல்லிவைத்தேன். “அவர்கள் என்னதான் உண்கிறார்கள் என்று அறியாமலே வேண்டாம் என்கிறீர்களே அப்பா!” என்றாள் அவள். எனக்கு விடை கூற இயலவில்லை. அதனால் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் சிலவற்றை நம் காலனிக் குடும்பங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஊருக்குப் புறப்படும்போது நாம் புளிச்சோறும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டலியும் கட்டிக்கொள்கிறோம் அல்லவா? ஆங்கிலேயரின் புகழ்பெற்ற உணவுகளுள் பலவும் இவ்வாறே வழிப்பயணத்திலும் உழைப்பிலும் பிறந்தவை.

முதலில் பாலாடைக்கட்டியைப் பார்ப்போம். லண்டனிலிருந்து எடின்பரோ செல்லும் பழைய வடபெருவழியில் ஸ்டில்ட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் குதிரை வண்டிப் பயணிகள் அங்குள்ள விடுதிகளில் தங்கி இளைப்பாறினர். அப்போது அவர்களுக்கு விற்கப்பட்ட நீலநரம்போடிய பாலாடைக்கட்டிக்கு அவ்வூர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று சட்டப்படி லெஸ்டர்ஷயர், டார்பிஷயர், நாட்டிங்காம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்யப்படுவதே ஸ்டில்ட்டன் எனப்படும். ஸ்டில்ட்டன் ஊர் அம்மூன்றிலும் இல்லை. ஆகவே அவ்வூரில் அதனைச் செய்து அப்பெயரால் விற்க இயலாது! ரயில் பயணிகளால் பெயர்பெற்ற நம் மணப்பாறை முறுக்கை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

குதிரை வண்டிக்குப் பின் புகைவண்டி வந்தது. லண்டனிலிருந்து மேற்கே செல்லும் பாதையில் ஸ்விண்டன் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை 1842இல் திறக்கப்பட்டது. கட்டடத்தைத் தம் செலவில் எழுப்பிய ஒப்பந்தக்காரருக்குக் கம்பெனி ஓர் உறுதி கொடுத்தது: வண்டிகள் யாவும் அங்கே பத்து நிமிடம் நின்றே செல்லும் என்பது அது. பயணிகளுக்கு வேறு வழியில்லாததால் உணவின் தரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அப்பாதையை அமைத்த பொறியாளர் புரூனல் 1845இல் அங்குள்ள காப்பியைப் பற்றி எழுதிய கடிதம் பெயர்பெற்றது. அங்கே காப்பி என்றொரு பொருள் இருப்பதாகவே தாம் நம்பவில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். அந்தப் பத்து நிமிடக் கட்டிலிருந்து விடுபட 1895இல் கம்பெனி ஒரு லட்சம் பவுன் கொடுக்க நேர்ந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் இதைவிட நல்ல சான்று கிடையாது. ஓடும் வண்டியிலேயே சமைத்துப் பரிமாறும் உணவுப்பெட்டி பிரிட்டனில் 1879இல் வந்தது. அது ஓடிய பாதை லண்டன்–லீட்ஸ் என்று படித்தபோது, என் மகள் செல்லும் பாதையாயிற்றே என்று மனம் மகிழ்ந்தேன்.

அந்நாட்டின் பெயரைச் சொன்னதும் பலர் நினைவுக்கு வருவது பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலுமாகும். அங்கே ‘சிப்ஸ்’ என்பது நாம் கொறிக்கும் மெல்லிய சீவல் அன்று. விரல் பருமனில் வெட்டிப் பொரித்தது. மீனை இவ்வாறு பொரிக்கும் வழக்கம், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து குடியேறிய யூதர்களோடு வந்தது என்பர். இரண்டையும் சேர்த்து விற்ற முதற்கடை 1860ஐ ஒட்டி லண்டனில் ஜோசப் மாலின் வைத்ததா, வடக்கே மாஸ்லியில் ஜான் லீஸ் வைத்ததா என்று இன்றும் வழக்காடுகின்றனர். கடை யாருடையதாயினும், வடகடலில் பிடித்த மீனைப் பனிக்கட்டியிலிட்டு ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த உள்நாட்டு நகரங்களுக்கு விரைந்து கொண்டு சேர்த்தது ரயிலே. சரக்குக் குமாஸ்தாவாகிய எனக்கு இதில் சிறிது பெருமை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கிற்று. இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிவுற்றது. ஆயினும் போர்க்காலம் முழுவதும் இந்த ஏழை மக்களின் மீனும் கிழங்கும் பங்கீட்டுக்கு உட்படுத்தப்படவில்லை.

யார்க்ஷயர்ப் பகுதியில் பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கின்றனர். லீட்ஸ் நகர் அப்பகுதியில் உள்ளது. ஆதலால் நம் பிள்ளைகள் கேட்டறிந்து உண்பது நலம். ‘யார்க்ஷயர் புட்டிங்’ என்பதும் இனிப்பன்று. முட்டையும் மாவும் பாலும் கலந்து, கொழுப்பிட்ட சட்டியில் சுட்டெடுப்பது. இறைச்சிக்கு முன்னே இதனைப் பரிமாறி வயிற்றைச் சற்று நிரப்பிவிடுவது பழைய இல்லங்களின் சிக்கன வழி.

கார்ன்வால் மாவட்டத்து வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளரின் கட்டுச்சோறு ‘பேஸ்டி’ ஆகும். பிறை வடிவ மாவுப் பொதிக்குள் இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு என்னும் கிழங்கு ஆகியவற்றை இட்டு, ஓரத்தை நம் சோமாசிபோல் மடித்துச் சுடுவர். சுரங்க வேலை தேடி அவர்கள் மெக்சிகோ சென்றபோது இதுவும் உடன் சென்றது. அங்கே ஹிடால்கோ மாநிலத்தில் மிளகாய் சேர்த்த ‘பாஸ்தே’யாக இன்றும் விற்கிறது. ஊர் விட்டு ஊர் சென்றவன் தன் தாயின் கைப்பக்குவத்தைத் தூக்கிச் செல்வது நமக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

இறைச்சி உண்ணாதவர் அங்கே என் செய்வது? 1888இல் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியடிகள், தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகப் பல நாள் அரைவயிறாகக் கிடந்தார். பின்னர் ஃபாரிங்டன் வீதியில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். ஆங்கிலேயரே 1847இல் மரக்கறி உணவுச் சங்கம் நிறுவியிருந்தனர். இன்றோ அத்தகைய உணவு கிடைப்பதில் துன்பம் இல்லை.

இறுதியாக நம் பொருள் ஒன்று. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு உணவின் தொடக்கத்தில் ‘சூப்’ வேண்டியிருந்தது. நம் சமையற்காரர் மிளகுத்தண்ணீரைக் கொடுத்தனர். அதில் இறைச்சியும் மசாலையும் சேர்ந்து ‘முல்லிகடானி’ ஆயிற்று. கப்பலேறி அவர்கள் நாட்டுக்குச் சென்று அவர்கள் உணவாகவே நிலைபெற்றது. சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கு ‘முல்’ என்ற பட்டப்பெயரும் அதனால் வந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் அம்மையார் எழுதிய சமையல் நூலில் யார்க்ஷயர் புட்டிங்கும் இந்தியக் கறியும் ஒரே அட்டைக்குள் இடம்பெற்றுள்ளன.

இவற்றையெல்லாம் படித்தபின் என் சொல்லை நானே திருத்திக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு வந்த என் தாயார், அடுத்த வீட்டு அம்மாளிடம் ரொட்டி சுடக் கற்றாள். அவருக்கு ரசம் வைக்கக் கற்பித்தாள். அதனால் எங்கள் வீட்டில் ரசம் மறைந்துவிடவில்லை. இரு வீட்டிலும் மணந்தது. அதை மறந்துவிட்டு மகளுக்கு அறிவுரை கூறினேனே என்று வெட்கமாயிருந்தது.

இப்போது அவளுக்கு நான் சொல்வது இதுதான்: “அம்மா கட்டித் தரும் பொடி முதல் மாதத்துக்கு. அதன் பின் அவர்கள் உண்பதில் உனக்கு ஏற்றதைக் கேட்டறிந்து உண்டு பார். ஒரு நாள் அவர்களை அழைத்து மிளகுத்தண்ணீர் வைத்துக் கொடு. பெயரைச் சொன்னால் அவர்களுக்கே தெரியும்.”

பெட்டியில் இப்போது மிளகும் சீரகமும் கூடுதலாக ஒரு பொட்டலம் ஏறியிருக்கிறது.